அந்தமான் ஆந்தைகளுக்குப் பெயர் வைத்தவர், காங்கிரஸைத் தொடங்கியவர்: யார் இந்த ஏ.ஓ.ஹியூம்?

ஏ.ஓ.ஹியூம் என்ற பெயரைப் பள்ளிக்கூடத்தில் ஒரு தடவையாவது மனப்பாடம் பண்ணியிருப்போம். 1885-இல் இந்திய தேசிய காங்கிரஸைத் தொடங்கக் காரணமாக இருந்த பிரிட்டிஷ் அதிகாரி. ஒரு மார்க் கேள்வி, அவ்வளவுதான்.

ஆனால் அந்தமானுக்குக் கேமராவும் கையுமாகப் போகிற பறவை ஆர்வலர்களுக்கு அவரை வேறு மாதிரி தெரியும். அங்கே இரவில் டார்ச் வெளிச்சத்தில் தேடிப் படம் எடுக்கிற ஆந்தைகளில் மூன்று வகைகளுக்கு அறிவியல் பெயர் வைத்தவர் ஹியூம். அந்தமான் கூகை அதில் ஒன்று. நம்ம ஊர் வயல்களில் எலி பிடிக்க 'டி' வடிவக் குச்சி நட்டு வைப்பார்களே, அதில் பொழுது சாய்ந்ததும் வந்து உட்காருகிற கூகைக்கு இது நெருங்கிய சொந்தம். நிறம் மட்டும் கொஞ்சம் அடர்த்தியான செம்பழுப்பு.

ஒரு கலெக்டர் எப்படி ஆந்தை ஆராய்ச்சியாளர் ஆனார்? ஏன் ஒரு கட்டத்தில் அத்தனையையும் விட்டுவிட்டார்?

இட்டாவா கலெக்டர்

ஆலன் ஆக்டேவியன் ஹியூம் 1829-இல் பிறந்தவர். அப்பா ஜோசப் ஹியூம், பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் சீர்திருத்தம் பேசிய ஸ்காட்லாந்துக்காரர். மகன் 1849-இல் இந்தியா வந்தார். இன்றைய உத்தரப் பிரதேசத்தில் உள்ள இட்டாவா மாவட்டத்தில் இலவசத் தொடக்கப் பள்ளிகளைத் திறந்தார். 1857 கிளர்ச்சியின்போது ஆக்ராவுக்குத் தப்பிப் போக வேண்டியிருந்தது. திரும்பி வந்ததும் விட்ட வேலையைத் தொடர்ந்தார்.

1867 முதல் 1870 வரை உள்நாட்டுச் சுங்கத் துறை ஆணையர். உப்பு வரி கட்டாமல் யாரும் உப்பு கொண்டு போய்விடக் கூடாது என்று, இந்தியாவின் குறுக்கே பல நூறு கிலோமீட்டருக்கு முள்வேலி வளர்த்த துறை அது. மக்கள் பக்கம் நின்றவர் என்று பின்னாளில் பெயர் எடுத்த ஹியூம்தான் அந்த வேலியை வலுப்படுத்தியவர்களில் ஒருவர். இந்த முரண்பாட்டையும் சேர்த்துத்தான் அவரைப் பார்க்கணும்.

அந்தமான் பயணம்

1871-இல் வைஸ்ராய் மேயோ பிரபு விவசாயத்துக்கென்று தனித் துறை தொடங்கினார். அதன் செயலாளர் ஹியூம். அடுத்த வருஷமே, 1872 பிப்ரவரி 8 அன்று, போர்ட் பிளேரில் மேயோவை ஷேர் அலி அஃப்ரிதி என்ற கைதி குத்திக் கொன்றார். துறையை ஆதரித்தவர் போய்விட்டார்.

அதே 1872-இல் ஹியூம் 'ஸ்ட்ரே ஃபெதர்ஸ்' என்ற பறவையியல் இதழைத் தொடங்கினார். நாடு முழுக்க இருந்த அதிகாரிகள், ராணுவத்தினர், தோட்ட முதலாளிகள் தாங்கள் பார்த்த பறவைகளைப் பற்றி அவருக்கு எழுதினார்கள். இன்றைக்கு மொபைல் செயலியில் நாம் பதிவேற்றுகிற பறவைக் குறிப்புகளை அன்றைக்குத் தபாலில் வாங்கிக் கோத்தவர் அவர்.

1873-இல் நிலவியலாளர் ஃபெர்டினாண்ட் ஸ்டோலிச்காவும் வேறு சில ஆய்வாளர்களும் உடன்வர, அந்தமான் நிக்கோபார் தீவுகளுக்குக் கப்பலில் போனார். நார்கொண்டம் தீவின் இருவாச்சிக்குப் பெயர் வைத்ததும் அந்த வருஷம்தான். ஹியூமுக்காகப் பறவை சேகரித்த வில்லியம் டேவிசனும் இந்தத் தீவுகளில் வேலை செய்தார்.

மூன்று ஆந்தைகளின் கணக்கு இது. 1872-இல் ஒரு வேட்டை ஆந்தை. இன்று அது ஹியூம் பெயரிலேயே அழைக்கப்படுகிறது. 1873-இல் அந்தமான் ஸ்கோப்ஸ் ஆந்தை. அதற்கு நிலவியலாளர் வேலண்டைன் பால் நினைவாகப் பெயர். 1875-இல் அந்தமான் கூகை. அதற்கு, தீவுகளில் பணியாற்றிய டென்மார்க்காரர் டி ரோப்ஸ்டார்ஃப் பெயர். நிக்கோபாரி மொழிக்கு அகராதி தொகுத்த இவர் 1883-இல் கமோர்ட்டாவில் கொல்லப்பட்டார்.

படம் எடுத்திருக்கலாமே?

முடியாது. 1870-களின் கேமராவில், ரசாயனம் பூசிய ஈரக் கண்ணாடித் தகடு காய்வதற்குள் படம் எடுத்து, அங்கேயே கழுவி முடிக்கணும். பகலிலேயே, அசையாமல் இருக்கிற பொருளைத்தான் ஒழுங்காக எடுக்க முடியும். இரவில் பறக்கிற ஆந்தைக்கு வாய்ப்பே இல்லை. அமெரிக்காவில் ஜார்ஜ் ஷைராஸ் ஃப்ளாஷ் வைத்து இரவில் எடுத்த விலங்குப் படங்கள் 'நேஷனல் ஜியோகிராஃபிக்' இதழில் வந்ததே 1906-இல்தான்.

அதனால் அன்றைக்கு ஒரே வழி துப்பாக்கி. சுட்டு, தோலை உரித்து, பஞ்சடைத்து, தேதியும் இடமும் எழுதின சீட்டைக் காலில் கட்டி வைப்பார்கள். சிம்லாவில் ஹியூமின் ராத்னி காசில் வீட்டில் இப்படிச் சேர்ந்த பறவைத் தோல்களும் முட்டைகளும் 80,000-க்கு மேல்.

பழைய பேப்பர் கடைக்குப் போன 25 வருஷம்

வேலையில் அவருக்கு இறங்குமுகம். விவசாயத் துறை நினைத்தபடி நடக்கவில்லை என்று வெளிப்படையாக விமர்சித்தார். 1879-இல் துறையே கலைக்கப்பட்டது. அவர் பதவி இறக்கப்பட்டு, 1882-இல் ஓய்வு பெற்றார். இனி முழு நேரமும் இந்தியப் பறவைகள் பற்றிய பெரிய நூல் எழுதலாம் என்று நினைத்திருந்தார்.

அந்தச் சமயத்தில்தான் அடி விழுந்தது. அவர் வெளியூர் போயிருந்தபோது, ஏறக்குறைய 25 வருஷமாகச் சேர்த்த கையெழுத்துப் பிரதிகளை வேலையாள் ஒருவர் கடைத்தெருவில் பழைய காகித விலைக்கு விற்றுவிட்டார். நகல் எதுவும் கிடையாது. ஹார்ட் டிஸ்க் போய், பேக்கப்பும் இல்லாமல் தலையில் கை வைத்து உட்கார்ந்தவர்களுக்கு அந்த வலி புரியும்.

நூல் எழுதும் ஆசையை அதோடு விட்டார். இதற்கிடையே பிரம்மஞான சபையின் தாக்கத்தில் சைவ உணவுக்கு மாறி, பறவைகளைச் சுடுவதையும் நிறுத்தியிருந்தார். சேகரிப்பை 1885-இல் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்துவிட்டார்.

அதே வருஷம் டிசம்பர் 28 அன்று பம்பாயில் 72 பிரதிநிதிகளோடு காங்கிரஸின் முதல் மாநாடு கூடியது. முதலில் புனேயில் நடப்பதாக இருந்தது. காலரா பரவியதால் இடம் மாறியது. மூன்றாவது மாநாடு 1887-இல் நம்ம சென்னையில். ஊர் ஊராக ஆட்களைத் தேடி, கடிதம் எழுதி, ஒரே வலைக்குள் கொண்டுவருகிற வேலை ஹியூமுக்குப் புதிதல்ல. பறவைகளுக்காக அதை அவர் ஏற்கனவே செய்து பழகியிருந்தார்.

1894-இல் இங்கிலாந்து திரும்பிய பிறகு தாவரங்கள் பக்கம் போனார். 1910-இல் தெற்கு லண்டனில் தாவரவியல் நிறுவனம் ஒன்றை உருவாக்கினார். 1912 ஜூலை 31 அன்று இறந்தார்.

இன்று ஏன் இது முக்கியம்?

ஹியூம் விட்டுப்போன தோல்கள் இன்னும் வேலை செய்கின்றன. ஒரு தீவின் ஆந்தை தனி வகையா, இல்லையா என்று முடிவு செய்ய ஆய்வாளர்கள் பழைய மாதிரிகளோடு ஒப்பிடுகிறார்கள். நிக்கோபார் ஸ்கோப்ஸ் ஆந்தையைப் பமேலா ராஸ்முசென் 1998-இல் தனி இனமாக அறிவித்தது, கிரேட் நிக்கோபாரின் கேம்பல் பேயில் கிடைத்த வெறும் 2 மாதிரிகளை வைத்துத்தான். துறைமுகம், விமான நிலையம், நகரியம் என்று பெரும் திட்டம் வரப்போவதும் அதே தீவில்தான்.

இப்போது ஆந்தையைச் சுடுவது சட்டப்படி குற்றம். படமும் ஒலிப்பதிவும்தான் ஆதாரம். ஆனால் தேதி, இடம் இல்லாத படம் இன்ஸ்டாகிராமில் லைக் வாங்கலாம், ஆய்வுக்குப் பெரிதாக உதவாது. சீட்டு இல்லாத தோல் மாதிரிதான் அதுவும்.

அடுத்த தடவை அந்தமானிலோ, தஞ்சாவூர் வயல் குச்சியிலோ ஒரு கூகையைப் படம் பிடித்தால், அதன் கண்ணில் ஃப்ளாஷ் அடிக்காதீங்க, கூட்டுக்குக் கிட்டே போகாதீங்க. நாளும் இடமும் குறிச்சு, பொதுத் தளத்தில் பதிவேற்றுங்க. ஒரு நகலை நீங்களும் வெச்சுக்கோங்க.