ராகத்துக்கு ‘ஃபார்முலா’ தேடிய தஞ்சாவூர் வைத்தியர்... யார் இந்த ஆபிரகாம் பண்டிதர்?

மூங்கில்துறைப்பட்டு சர்க்கரை ஆலை வாசலில் கரும்பு வண்டியோடு வரிசையில் காத்திருப்பவர், கையில் இருக்கும் போனில் நாலு வார்த்தை தட்டினால் போதும். அடுத்த நிமிஷம் ஏஐ ஒரு புதுப் பாட்டு போட்டுக் கொடுத்துவிடும். ஊர்த் திருவிழாவுக்கு ஒன்று, மச்சான் கல்யாணத்துக்கு ஒன்று என்று வாட்ஸ்அப்பில் இப்போ இதே வேலைதான்.

இசையை விதியாக, கணக்காக எழுதிவிட முடியுமா? முடியும் என்றால், அந்த விதியை வைத்து யார் வேண்டுமானாலும் ராகம் உண்டாக்கலாமே? கம்ப்யூட்டர் என்ற பொருளே இல்லாத காலத்தில், இந்தக் கேள்விக்காகச் சொந்தக் காசைக் கொட்டி, ஆயிரம் பக்கங்களைத் தாண்டிய ஒரு புத்தகத்தைத் தமிழில் எழுதியவர் ஒருவர் இருந்தார். அவர் தொழில்முறைப் பாடகர் இல்லை. சித்த வைத்தியர். பெயர் ஆபிரகாம் பண்டிதர்.

வாத்தியார் வைத்தியரான கதை

1859 ஆகஸ்ட் 2ஆம் தேதி, தென்காசி பக்கம் சாம்பவர் வடகரையில் ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தார். அப்பா முத்துசாமி, அம்மா அன்னம்மாள். திண்டுக்கல்லில் ஆசிரியர் பயிற்சி முடித்து அங்கேயே வாத்தியார் வேலையும் பார்த்தார். வயலின் கற்றுக்கொண்டதும் திண்டுக்கல்லில்தான். அவருக்குச் சொல்லிக்கொடுத்தவர் சடையாண்டி பத்தர்.

மூலிகை மேல் இருந்த ஆர்வம் அவரை சுருளி மலைக்கு இழுத்துக்கொண்டு போனது. அங்கே கருணானந்தர் என்ற முனிவரைச் சந்தித்து மருந்து முறைகளைக் கற்றதாக அவர் வாழ்க்கை வரலாறு சொல்கிறது. அந்தக் குருவை அவர் கடைசி வரை மறக்கவில்லை. வைத்தியசாலைக்கு கருணாநிதி வைத்தியசாலை, பண்ணைக்கு கருணானந்தபுரம், புத்தகத்துக்கு கருணாமிர்த சாகரம் என்று அவர் வைத்த பெயர்களைப் பாருங்கள். எல்லாவற்றிலும் ‘கருணா’ இருக்கும்.

1882ல் ஞானவடிவு பொன்னம்மாளைத் திருமணம் செய்தார். அடுத்த ஆண்டே தஞ்சாவூர் வந்து, கணவன் மனைவி இருவரும் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தார்கள். 1890ல் அந்த வேலையை விட்டுவிட்டு முழுநேர வைத்தியத்தில் இறங்கினார். மருந்து பிய்த்துக்கொண்டு போனது. வெளிநாட்டுக்கும் பார்சல் போனது. ஊருக்கு வெளியே பெரிய பண்ணை வாங்கினார், மூலிகை வளர்த்தார், விவசாயச் சோதனைகள் செய்தார். ஜனங்களுக்கு அது ‘பண்டிதர் தோட்டம்’. 1909ல் அரசு ராவ் சாகிப் பட்டம் கொடுத்தது. சொந்தமாக அச்சகமும் வந்தது.

இந்தப் பணக்கதையைச் சொல்லாமல் இசைக்கதையைச் சொல்ல முடியாது. ஏனென்றால் எந்த ராஜாவும் ஜமீனும் அவருக்குப் படியளக்கவில்லை. மாத்திரை விற்ற காசுதான் அவருடைய இசை ஆராய்ச்சியின் மொத்த நிதி.

அவருக்கு என்னதான் பிரச்னை?

தஞ்சாவூர் சங்கீத ஊர். ஆனால் கச்சேரிகளில் தெலுங்கு, சம்ஸ்கிருதப் பாட்டுதான் அதிகம். தமிழில் படிப்படியாக சங்கீதம் கற்றுக்கொள்ள ஒரு பாடப்புத்தகம் வேண்டும் என்று நினைத்தவர், 1907ல் தமிழ்க் கீதங்கள், ஸ்வரஜதிகள், வர்ணங்கள் கொண்ட ‘கருணாமிர்த சாகரத் திரட்டு’ என்ற நூலைத் தானே எழுதி வெளியிட்டார்.

பாட்டு எழுதும்போதுதான் பெரிய சந்தேகம் வருகிறது. ஒரு ஸ்தாயியில், அதாவது கீழ் ‘ச’விலிருந்து மேல் ‘ச’வரை, எத்தனை சுருதி இருக்கிறது? பரதர், சாரங்கதேவர் வழிவந்த சம்ஸ்கிருத நூல்கள் 22 என்கின்றன. பாடுகிறவர்கள் கையில் இருப்பதோ 12 சுர இடங்கள். 22ஐ எப்படிப் பிரித்தால் 12 வரும்? ஆளுக்கொரு கணக்கு சொன்னார்கள்.

பண்டிதர் சிலப்பதிகாரத்துக்குப் போனார். ஆய்ச்சியர் குரவையும் அரங்கேற்று காதையும் அவற்றின் உரைகளும் பேசுகிற பாலைகளை எடுத்துக்கொண்டு, பழந்தமிழர் ஸ்தாயியை 12 சம பாகமாகவும், இன்னும் நுட்பமாக 24 சம பாகமாகவும் பிரித்தார்கள் என்று வாதிட்டார். ஆயப்பாலைக்கு 12, வட்டப்பாலைக்கு 24 என்பது அவர் கணக்கு. கர்நாடக சங்கீதம் என்று இன்று சொல்கிறோமே, அதன் வேர் தமிழ்ப் பண்ணிசைதான் என்பது அவர் முடிவு.

ஏன் சம பாகம்? கொஞ்சம் கணக்கு பார்க்கலாம்

கடிகார முகத்தை நினைத்துக்கொள்ளுங்கள். 12 மணிக்குப் பதில் 12 சுர இடங்கள். ‘ச’விலிருந்து ஏழு இடம் தள்ளினால் ‘ப’. அங்கிருந்து மறுபடி ஏழு, மறுபடி ஏழு. இப்படி 12 தடவை தாவினால் எல்லா இடத்தையும் தொட்டுவிட்டு மீண்டும் ‘ச’வுக்கே வந்துவிடலாம். வட்டம் மூடிவிடும்.

ஆனால் காதுக்குச் சுத்தமாக ஒலிக்கும் ‘ப’, ‘ச’வைவிட ஒன்றரை மடங்கு அதிர்வெண் கொண்டது. ஒன்றரையை 12 தடவை பெருக்கினால் சுமார் 129.75 வரும். ஏழு ஸ்தாயி மேலே போன ‘ச’வோ சரியாக 128. சின்ன இடைவெளிதான், ஆனால் வட்டம் மூடாது. 12ம் சமமாக இருந்தால்தான் மூடும். அப்போது ஒவ்வொரு இடமும் முந்தையதைவிட சுமார் 1.0595 மடங்கு. பியானோவும் கீபோர்டும் இந்தக் கணக்கில்தான் ஒலிக்கின்றன.

இதில் இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. சம பாகம் கணக்குக்கு அழகு. ஆனால் நம் பாட்டில் கமகம் உண்டு. தோடியின் காந்தாரம் ஒரே புள்ளியில் நிற்பதில்லை, ஆடுகிறது. அதை 24 கட்டத்துக்குள் அடைப்பது லேசில்லை. அதனால்தான் இந்தச் சண்டை இன்றும் முழுசாகத் தீரவில்லை.

பரோடாவில் ஒரு பரீட்சை

தனியாக உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தால் ஊர் ஏற்காது என்று பண்டிதருக்குத் தெரியும். 1912ல் தஞ்சாவூரில் சங்கீத வித்யா மகாஜன சங்கத்தைத் தொடங்கினார். 1916 வரை வித்வான்களை வரவழைத்து, சாப்பாடு போட்டு, தங்க இடம் கொடுத்து, மாநாடு மேல் மாநாடு நடத்தினார். சென்னை மியூசிக் அகாடமி தொடங்கப்பட்டதே 1928ல்தான் என்பதை நினைவில் வைத்துக்கொண்டால், இது எவ்வளவு முன்கூட்டிய வேலை என்பது புரியும்.

இடையில் 1911ல் பொன்னம்மாள் காலமானார். வீட்டில் அந்த இழப்பு, வெளியில் இந்த வாதம். அவர் நிறுத்தவில்லை.

1916 மார்ச்சில் பரோடாவில் முதல் அகில இந்திய சங்கீத மாநாடு. மன்னர் சாயாஜிராவ் ஆதரவில், பாத்கண்டே முன்னின்று நடத்தியது. 22 சுருதியை நம்பியவர்கள் அங்கே பலர்; அதற்கென்றே தனி ஹார்மோனியம் செய்தவர்களும் வந்திருந்தார்கள். பண்டிதர் அந்தச் சபைக்குத் தன் மகள்களையே அழைத்துப் போனார். மரகதவல்லியும் கனகவல்லியும் பாடியும் வீணை வாசித்தும் அப்பாவின் கணக்கை நிரூபித்துக் காட்டினார்கள். பெண்கள் மேடையேறுவதே அரிதான காலம் அது. 22 கட்சி தன் நிலையை விட்டுவிடவில்லை. ஆனால் தெற்கிலிருந்து ஒரு தமிழ் வைத்தியர் வைத்த வாதத்தை அந்த அரங்கம் கேட்டது.

மறு ஆண்டு, 1917ல், சொந்த அச்சகத்திலேயே ‘கருணாமிர்த சாகரம்’ முதல் புத்தகம் வந்தது. பக்கத்துக்குப் பக்கம் அட்டவணைகள், பின்னங்கள், பெருக்கல்கள். இசைப் புத்தகமா, கணக்குப் புத்தகமா என்று சந்தேகம் வரும்.

அப்போ இது அல்காரிதமா?

கம்ப்யூட்டரை அவர் கனவிலும் கண்டிருக்க மாட்டார். ஆனால் சிந்தனை நெருக்கமானது. தஞ்சாவூர் மண்ணுக்கு அது புதிதும் இல்லை. 17ஆம் நூற்றாண்டில் அங்கே வாழ்ந்த வேங்கடமகி, சுரங்களை வரிசை மாற்றி 72 மேளம் என்று பட்டியல் போட்டார். கீழ்ப்பாதிக்கு 6 வகை, மேல்பாதிக்கு 6 வகை, மத்யமம் 2 வகை, பெருக்கினால் 72. ஒரு மேளத்தின் ஏறுவரிசை, இறங்குவரிசையில் ஒன்று, இரண்டு சுரங்களை விட்டுவிட்டுப் போனால் 483 பிறப்பு ராகங்கள். 72 மேளத்துக்கு 34,776. ஒரு சின்ன புரோகிராம் நொடியில் எல்லாவற்றையும் அச்சிட்டுவிடும்.

ஆனால் அவ்வளவும் பாடத் தகுந்த ராகமா? இல்லவே இல்லை. பண்டிதரின் அடுத்த வேலை இங்கேதான் தொடங்குகிறது. இணை, கிளை, நட்பு, பகை என்று தமிழ் மரபு சுரங்களுக்குள் உறவு சொல்லும். எந்தச் சுரத்தோடு எது ஒட்டும், எது ஒட்டாது என்பதை அந்த உறவை வைத்தே கண்டுபிடித்து, ராகம் உண்டாவதை விதியாக எழுத முயன்றார். எல்லாச் சேர்க்கையையும் போடு, பொருந்தாததை வடிகட்டு என்பதுதான் அதன் உள்ளே இருக்கும் யோசனை.

1956ல் அமெரிக்காவின் இலினாய்ஸ் பல்கலைக்கழகத்தில் லெஜாரன் ஹில்லரும் லெனார்ட் ஐசக்சனும் இலியாக் கணினியை வைத்துச் செய்ததும் ஏறக்குறைய இதுதான். கணினி தோராயமாகச் சுரங்களை உருட்டிப் போடும். இசை இலக்கண விதி பொருந்தாததைத் தள்ளிவிடும். மிச்சமானது ‘இலியாக் சூட்’ என்ற நால்வர் வாசிக்கும் படைப்பானது. 1959ல் அதைப் பற்றிப் புத்தகமும் எழுதினார்கள். இன்றைய ஏஐ வேறு வழி: விதியை யாரும் சொல்லித் தருவதில்லை, லட்சக்கணக்கான பாட்டைக் கேட்டு அதுவே பிடித்துக்கொள்கிறது. அந்தப் பாட்டுகள் யாருடையவை என்ற கேள்வி இப்போது கோர்ட் வரை போயிருக்கிறது. பண்டிதருக்கோ, இந்த இசை யாருடையது என்ற கேள்விதான் ஆராய்ச்சியின் ஆரம்பமே.

இரண்டாம் புத்தகம்

அது அச்சாகும்வரை அவர் இருக்கவில்லை. 1919 ஆகஸ்ட் 31 அன்று, 60 வயதில் காலமானார். அவர் ஆசையாக வளர்த்த பண்ணையிலேயே அடக்கம் செய்தார்கள்.

கையெழுத்துப் பிரதி கிடந்தது. பரோடாவில் வீணையோடு உட்கார்ந்த அதே மரகதவல்லி, அதை ஒழுங்குபடுத்தி 1946ல் இரண்டாம் புத்தகமாக வெளியிட்டார். இடையில் 27 ஆண்டுகள் ஓடிவிட்டன. தமிழிசை இயக்கம் சூடுபிடித்து, சென்னையில் தமிழ் இசைச் சங்கம் தொடங்கி மூன்று ஆண்டு ஆகியிருந்த நேரம். அடுத்த ஆண்டே இலங்கையைச் சேர்ந்த விபுலானந்த அடிகளின் ‘யாழ்நூல்’ வந்தது. அதுவும் சிலப்பதிகாரத்தைத்தான் ஆதாரமாக எடுத்தது. ஆனால் 22 அலகுகளை வைத்துக் கணக்குப் போட்டது.

தஞ்சாவூரில் இன்று ஆபிரகாம் பண்டிதர் பெயரில் ஒரு சாலை இருக்கிறது.