துப்பாக்கிக் குண்டுக்கு ஊஞ்சல் கட்டியவர்

கடலூருக்கு அருகே தேவனாம்பட்டினம் என்ற ஊர் இருக்கிறது. அங்கே கடற்கரை ஓரத்தில் ஒரு காலத்தில் ஆங்கிலேயரின் செயின்ட் டேவிட் கோட்டை கம்பீரமாக நின்றது.

1751-ம் ஆண்டு ஜூலை மாதம் 29-ந் தேதி. அந்தக் கோட்டையில் ஓர் ஆங்கிலேயரின் உயிர் பிரிந்தது. அவருக்கு வயது 44. அப்போது அவர் கையில் இருந்தது துப்பாக்கி அல்ல, பேனா!

ஆனால், துப்பாக்கி சுடும் கலையையே விஞ்ஞானமாக மாற்றியவர் அவர்தான். அவர் பெயர் பெஞ்சமின் ராபின்ஸ்.

ஏழை வீட்டுப் பிள்ளை

ராபின்ஸ் 1707-ம் ஆண்டு இங்கிலாந்தில் பாத் என்ற ஊரில் பிறந்தார். ஏழைக் குடும்பம். பெற்றோர் "குவேக்கர்" என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தவர்கள். சண்டை கூடாது என்பது அந்தப் பிரிவினரின் கொள்கை.

அந்த வீட்டுப் பிள்ளைக்குக் கணக்கு என்றால் உயிர். லண்டனுக்குப் போனார். மாணவர்களுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்துப் பிழைத்தார். 1727-ல், 20-வது வயதிலேயே, விஞ்ஞானிகளின் ராயல் சொசைட்டியில் உறுப்பினர் ஆனார்.

1741-ல் ஊல்விச் நகரில் ராணுவப் பள்ளிக்கூடம் தொடங்கினார்கள். அங்கே கணக்கு ஆசிரியர் வேலை கிடைக்கும் என்று ராபின்ஸ் எதிர்பார்த்தார். வேலை வேறொருவருக்குப் போய்விட்டது.

ராபின்ஸ் சோர்ந்து உட்காரவில்லை. பாடம் நடத்தச் சேர்த்து வைத்திருந்ததை எல்லாம் புத்தகமாக எழுதி, 1742-ல் வெளியிட்டார். பீரங்கிக் கலையின் புதிய விதிகளைக் கூறும் அந்தப் புத்தகம் ஐரோப்பாவையே திரும்பிப் பார்க்க வைத்தது.

கண்ணுக்குத் தெரியாத வேகம்

அந்தக் காலத்துத் துப்பாக்கியில், குழலின் வாய் வழியாக வெடிமருந்தைக் கொட்ட வேண்டும். பிறகு ஈயக் குண்டைப் போட்டுக் கம்பியால் கெட்டிக்க வேண்டும். எவ்வளவு மருந்து போட்டால் குண்டு எவ்வளவு வேகமாகப் போகும்? யாருக்கும் சரியாகத் தெரியாது. கண் இமைப்பதற்குள் பறந்துவிடும் குண்டை எந்தக் கடிகாரத்தால் அளப்பது?

ராபின்ஸ் ஒரு ஊஞ்சல் கட்டினார்! இரும்புத் தகட்டில் கனமான மரக்கட்டையைப் பொருத்தித் தொங்கவிட்டார். மொத்த எடை 56 பவுண்டு. குண்டின் எடையோ ஒரு பவுண்டில் 12-ல் ஒரு பங்குதான்.

குண்டு பாய்ந்து கட்டையில் புதையும். உடனே ஊஞ்சல் மெதுவாகப் பின்னால் போகும். அடியில் கட்டிய ரிப்பன் எவ்வளவு நீளம் இழுபட்டது என்று பார்ப்பார். ஊஞ்சல் குண்டைவிடச் சுமார் 670 மடங்கு கனமானது. ஆகவே ஊஞ்சலின் மெதுவான ஆட்டத்தைக் கொண்டே, குண்டின் வேகத்தைக் கணக்குப் போட்டுவிடலாம்.

குண்டின் எடையில் பாதி மருந்து போட்டுச் சுட்டால், வேகம் விநாடிக்குச் சுமார் 1,700 அடி என்று கண்டார்.

இன்னொரு அதிசயமும் தெரிய வந்தது. காற்றே இல்லாவிட்டால், அந்த வேகத்தில் குண்டு 17 மைல் போக வேண்டும். உண்மையில் ஒரு மைல்கூடப் போவதில்லை. காற்றின் தடை யாரும் நினைத்ததைவிட மிகப் பெரியது என்று புரிந்தது.

குறி ஏன் தவறியது?

குறி தவறினால் சுட்டவனைத்தான் குறை சொல்வார்கள். ராபின்ஸ் குண்டைச் சந்தேகித்தார். குழலுக்குள் தளர்வாக உருளும் குண்டு, பக்கத்தில் உரசி, கண்டபடி சுழல்கிறது. சுழலும் குண்டைக் காற்று பக்கவாட்டில் தள்ளுகிறது என்றார்.

அதை நிரூபித்தும் காட்டினார். ஒரு குழலின் நுனியை இடப்பக்கம் வளைத்தார். வழியில் மெல்லிய காகிதத் திரைகளைத் தொங்கவிட்டுச் சுட்டார். காகிதத்தில் விழுந்த துளைகளைப் பார்த்தவர்கள் வியந்தார்கள். முதலில் இடப்பக்கம் போன குண்டு, பிறகு வலப்பக்கம் திரும்பி இருந்தது!

இதற்கு என்ன வழி? குழலின் உட்புறம் திருகு போல வரிகள் வெட்டினால், குண்டு பம்பரம் போல ஒரே சீராகச் சுழன்று நேராகப் போகும். அத்தகைய துப்பாக்கிகள் முன்பே வேட்டைக்காரர்களிடம் இருந்தன. அவை ஏன் குறி தவறுவதில்லை என்பதை விளக்கியவர் ராபின்ஸ். உருண்டைக் குண்டுக்குப் பதில் முட்டை வடிவக் குண்டு நல்லது என்றும் சொன்னார். எந்த நாடு இதை முதலில் கையாள்கிறதோ, அந்த நாட்டின் படையே வெல்லும் என்று 1747-ல் எச்சரித்தார்.

ஆனால், பெரிய ராணுவங்கள் இதை முழுமையாக ஏற்க நூறு ஆண்டுகள் ஆயின. 1857-ல் நமது சிப்பாய்கள் கொதித்தெழக் காரணங்களில் ஒன்றான கொழுப்புத் தடவிய தோட்டா, என்பீல்டு என்ற வரித் துப்பாக்கிக்காகச் செய்யப்பட்டதுதான்!

தமிழ்நாட்டில் முடிந்த வாழ்வு

1746-ல் பிரஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்தார்கள். 1749-ல் அது ஆங்கிலேயருக்குத் திரும்பக் கிடைத்தது. பலவீனமான கோட்டைகளைச் சீர்படுத்த, கிழக்கிந்தியக் கம்பெனி ராபின்சைத் தலைமை என்ஜினீயராக நியமித்தது.

1750 ஜூலையில் அவர் வந்து சேர்ந்தார். இரண்டே மாதங்களில் காய்ச்சல் தாக்கியது. தேறினார், ஆனால் பழைய பலம் திரும்பவில்லை. அப்படியும் கோட்டைகளுக்கு வரைபடம் போட்டுக்கொண்டே இருந்தார். கம்பெனிக்கு அறிக்கை எழுதும்போதே உயிர் பிரிந்தது.

அவர் பலப்படுத்த வந்த கோட்டையை 1758-ல் பிரஞ்சுத் தளபதி லாலி பிடித்து இடித்துத் தள்ளினார். இன்று சில இடிபாடுகளே மிச்சம்.

ஆனால், ராபின்ஸ் காட்டிய வழி அழியவில்லை. அமெரிக்கா போன்ற நாடுகளில், குறி பார்த்துச் சுடும் போட்டிக்காரர்கள் பலர், சுட்டு முடிந்த பித்தளைத் தோட்டாக் கூடுகளில் வீட்டிலேயே மறுபடி மருந்து நிரப்புகிறார்கள். ஒவ்வொன்றுக்கும் மருந்தைத் தராசில் நிறுத்துப் போடுகிறார்கள். குண்டின் வேகத்தைக் கருவியால் அளந்து பார்க்கிறார்கள். எடை ஒன்றானால் வேகம் ஒன்றாகும். வேகம் ஒன்றானால் குறி தப்பாது என்பது அவர்கள் நம்பிக்கை.

அந்த நம்பிக்கைக்கு அடித்தளம் போட்டது ஒரு மர ஊஞ்சல். அதைக் கட்டியவரின் கடைசி மூச்சு கலந்தது நம் கடலூர்க் காற்றில்!