கைதிக்காகவும் பாதிக்கப்பட்டவருக்காகவும் வாதாடிய குமார் பொன்னம்பலம்

2000 ஜனவரி 5ஆம் திகதி கொழும்பு வெள்ளவத்தையில் குமார் பொன்னம்பலம் சுட்டுக் கொல்லப்பட்டபோது நான் சிறுபிள்ளை. என் வயதுக்காரருக்கு அவர் ஜீ.ஜீ. பொன்னம்பலத்தின் மகன், அகில இலங்கைத் தமிழ்க் காங்கிரஸின் தலைவர், கஜேந்திரகுமாரின் தந்தை. 1982 ஜனாதிபதித் தேர்தலில் போட்டியிட்டு 173,934 வாக்குகள் பெற்றார். நாடாளுமன்றத்துக்கு ஒருநாளும் தெரிவாகவில்லை. ஆனால் சிறையில் பிள்ளைகளை வைத்திருந்த தாய்மார் அவரை நினைவில் வைத்திருப்பது தேர்தலுக்காக அல்ல.

1979இல் தற்காலிகமாக வந்த பயங்கரவாதத் தடைச் சட்டம் 1982இல் நிரந்தரமானது. 2022 வரை அதன்படி ஒருவரைக் குற்றப்பத்திரம் இல்லாமலே 18 மாதங்கள் வரை தடுத்து வைக்க முடிந்தது. உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்துக்குக் குறையாத அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலமே சாட்சியம். அது அடித்துப் பெறப்பட்டது என்றால், அதை நிரூபிக்க வேண்டியவர் கைதிதான். சிங்களம் வாசிக்கத் தெரியாத எத்தனையோ பொடியள் சிங்களத்தில் எழுதப்பட்ட வாக்குமூலத்தில் கையெழுத்து வைத்தார்கள். அப்படிப்பட்டவர்களுக்காக முன்னிலையாகப் பல சட்டத்தரணிகள் அஞ்சிய காலத்தில் குமார் முன்னிலையானார். பலரிடம் அவர் காசு வாங்கவில்லை.

1996 செப்டெம்பர் 7ஆம் திகதி, சுண்டிக்குளி மகளிர் கல்லூரி மாணவி கிருசாந்தி குமாரசாமி உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு வீடு திரும்பும் வழியில் செம்மணிச் சோதனைச்சாவடியில் மறிக்கப்பட்டார். அவரைத் தேடிப் போன தாயும் தம்பியும் அயலவரும் திரும்பி வரவில்லை. யாழ்ப்பாணத்தில் வாய் திறக்க முடியாதிருந்த அந்த நாட்களில் விடயத்தைக் கொழும்பில் பேசவைத்தவர்களில் குமார் முக்கியமானவர். 1998 ஜூலையில் கொழும்பு மேல் நீதிமன்றம் இராணுவத்தினருக்கு மரண தண்டனை விதித்தது. அப்போதுதான் சோமரத்ன ராஜபக்ஷ என்ற இராணுவக் குற்றவாளி, செம்மணியில் 300 முதல் 400 வரையான உடல்கள் புதைக்கப்பட்டிருப்பதாக நீதிமன்றில் சொன்னார். 1999இல் தோண்டியபோது 15 உடல்கள் வெளிவந்தன.

ஒரு நாள் கைதிக்காக, மறுநாள் கொல்லப்பட்டவரின் குடும்பத்துக்காக என்று அவர் வேலை செய்தார். இரண்டும் வேறு வேறு வேலை அல்ல. பிடித்துக்கொண்டு போனவர்கள் நீதிமன்றத்தில் பதில் சொல்ல வேண்டும் என்பதே இரண்டிலும் கோரிக்கை.

அது கிடைக்காதவர்களை எங்கள் தீவுப்பகுதியில் எனக்குத் தெரியும். சரவணையில் ஓர் அம்மா, 1990இல் இராணுவம் தீவுக்குள் வந்தபோது பிடிபட்ட மகனுக்காகக் கொடுத்த முறைப்பாட்டுப் பிரதிகளை ஒரு பொலித்தீன் பையில் கட்டி வைத்திருக்கிறார். முறைப்பாடு இருக்கிறது, வழக்கு இல்லை. சாட்சி சொல்ல வருபவரைப் பாதுகாக்க அன்று ஒரு சட்டமும் இல்லை. பாதிக்கப்பட்டோருக்கும் சாட்சிகளுக்குமான சட்டம் வந்தது 2015இல், குமார் கொல்லப்பட்டு 15 வருடங்களுக்குப் பிறகு.

விடுதலைப் புலிகளின் அரசியலை ஆதரிப்பதாக அவர் கொழும்பிலிருந்தே வெளிப்படையாகச் சொன்னார். அவர் இறந்தபின் புலிகள் மாமனிதர் என்று கௌரவித்தார்கள். அந்த அரசியலோடு உடன்படாதவர்கள் எங்களுக்குள்ளும் உண்டு. புலிகளின் தடுப்பில் பிள்ளைகளை இழந்த தாய்மாரும் எங்களுக்குள் உண்டு. யார் அடைத்து வைத்தாலும் கைதிக்கு உரிமை ஒன்றுதான். அவர் அரசியலை ஏற்காதவர்களும் அவர் செய்த வேலையைத் தொடரலாம், தொடர வேண்டும்.

அவருடைய கொலைக்கு இன்னும் நீதி கிடைக்கவில்லை. பயங்கரவாதத் தடைச் சட்டம் அவருக்குப் பிறகும் இரண்டு தசாப்தங்களுக்கு மேலாக ஆட்களை உள்ளே போட்டது. 2025இல் செம்மணி சித்துப்பாத்தி மயானத்தில் 200க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் அடையாளம் காணப்பட்டன. அந்த வழக்கில் குடும்பங்களுக்காக யாழ்ப்பாண நீதிமன்றத்தில் சட்டத்தரணிகள் எழுந்து நிற்கிறார்கள். 1990இன் முறைப்பாட்டுப் பிரதிகளை இன்னும் வைத்திருப்பவர்கள் அவற்றைக் கறையான் அரிக்க முன்னர் படம் எடுத்து, ஒரு பிரதியை அப்படியான ஒரு சட்டத்தரணியிடம் கொடுத்து வையுங்கள்.