சார்லி சாப்ளின்: சிரிக்க வைத்தவரின் குடும்ப வழக்கைக் காசு கொடுத்து வாங்கிப் படித்தார்கள்

தொப்பி, சின்ன மீசை, கைத்தடி, அளவுக்கு மீறிய காலணி. கரித்துண்டால் சுவரில் கிறுக்கினாலும் அது சார்லி சாப்ளின் என்று சின்னப் பிள்ளைகள்கூடச் சொல்லிவிடுவார்கள். பேச்சில்லாத படங்கள் என்பதால் எந்த மொழிக்காரருக்கும் அவரைப் பார்த்துச் சிரிக்க முடிந்தது. 1932-இல் அவர் சிங்கப்பூருக்கும் வந்து போயிருக்கிறார். ஆனால் 1927-இல் அமெரிக்கத் தெருக்களில் அவர் பெயரைச் சொல்லி விற்கப்பட்டது படமும் அல்ல, பாட்டும் அல்ல. அவருடைய மனைவி நீதிமன்றத்தில் கொடுத்த விவாகரத்து மனுவின் நகல்.

சாப்ளின் 1889 ஏப்ரல் 16-ஆம் நாள் பிறந்து லண்டனின் ஏழ்மையில் வளர்ந்தவர். அப்பாவும் அம்மாவும் மேடைப் பாடகர்கள். அப்பா குடியால் அழிந்தார். அம்மாவுக்கு மனநோய். ஏழு வயதில் ஆதரவற்றோர் விடுதிக்குப் போன அந்தப் பையன், 1910-இல் ஒரு நாடகக் குழுவோடு அமெரிக்கா போய், 1914-இல் படத்தில் தலைகாட்டி, சில ஆண்டுகளிலேயே உலகம் அறிந்த மனிதரானார். மேடையும் கேமராவும் அவருக்குச் சொன்னபடி கேட்டன. வீடு கேட்கவில்லை.

1918-இல் மில்ட்ரெட் ஹாரிஸ் என்ற நடிகையை மணந்தார். அவருக்கு 29 வயது, பெண்ணுக்கு 16. பிறந்த குழந்தை மூன்றே நாளில் இறந்துபோனது. 1920-இல் பிரிந்தார்கள். அப்போது அவர் எடுத்துக்கொண்டிருந்த ‘தி கிட்’ படத்தின் சுருள்களை ஜீவனாம்ச வழக்கில் பறிமுதல் செய்துவிடுவார்களோ என்று பயந்து, அவற்றை வேறு மாநிலத்துக்குக் கொண்டுபோய், சால்ட் லேக் சிட்டியில் ஒரு ஹோட்டல் அறையில் வைத்துப் படத்தொகுப்பு செய்தார். அநாதைக் குழந்தையைத் தூக்கி வளர்க்கும் அந்தப் படத்தைப் பார்த்து அழாதவர்கள் குறைவு.

அதே படத்தில் தேவதை வேடம் போட்ட 12 வயதுச் சிறுமிதான் லீட்டா கிரே. நான்கு ஆண்டுகள் கழித்து ‘தி கோல்ட் ரஷ்’ படத்துக்குக் கதாநாயகியாக ஒப்பந்தமானார். கருவுற்றார். அவருக்கு வயது 16, சாப்ளினுக்கு 35. கலிபோர்னியச் சட்டப்படி அது சிறையில் முடியக்கூடிய குற்றம். 1924 நவம்பரில் யாருக்கும் தெரியாமல் மெக்சிகோவுக்குப் போய்த் திருமணத்தை முடித்தார்கள். இதைக் காதல் என்று எழுதிக் கடந்துபோக முடியாது. வயதும் பணமும் அதிகாரமும் ஒரு பக்கமே இருந்தன.

இரண்டு ஆண் பிள்ளைகள் பிறந்தார்கள். 1926 நவம்பரில் லீட்டா அவர்களைத் தூக்கிக்கொண்டு வீட்டை விட்டு வெளியேறினார். 1927 ஜனவரியில் அவருடைய வழக்கறிஞர்கள் மனு தாக்கல் செய்தார்கள். சில பக்கங்களில் முடிந்திருக்க வேண்டிய மனு, நாற்பது பக்கங்களுக்கு மேல் நீண்டது. படுக்கையறை வரை எதையும் விடவில்லை. கூச்சம் தாங்காமல் சாப்ளின் பணம் கொடுத்து வழக்கை முடிக்க வேண்டும் என்பதுதான் கணக்கு. யாரோ அதை அச்சடித்தார்கள், தெருவில் விற்றார்கள், ஜனங்கள் வாங்கினார்கள்.

சில ஊர்களில் மாதர் சங்கங்கள் அவர் படங்களைத் தடை செய்யச் சொல்லின. பிரான்சிலோ எழுத்தாளர்கள் சிலர் சேர்ந்து சாப்ளினுக்கு ஆதரவாகக் கையெழுத்திட்டு, லீட்டாவைத் தாக்கி எழுதினார்கள். பதினாறு வயதுப் பிள்ளைக்கு என்ன நடந்தது என்பது இரண்டு பக்கத்தாருக்கும் பெரிய விஷயமாகப் படவில்லை. மனுவை வாங்கிய கைகளில் எத்தனை கைகள் அந்தப் பெண்ணுக்காக இரங்கின? நாற்பது பக்கத்திலும் ஜனங்கள் தேடியது வேறு.

அந்த ஆகஸ்டில் சமரசம் ஆனது. லீட்டாவுக்குச் சுமார் 6 லட்சம் டாலர், பிள்ளைகள் ஒவ்வொருவர் பெயரிலும் 1 லட்சம். அதுவரை அமெரிக்கா கண்டிராத தொகை. நடுவில் எட்டு மாதம் நின்றுபோன ‘தி சர்க்கஸ்’ 1928 ஜனவரியில் வெளிவந்தது. தலைமுடி நரைத்துப்போயிருந்த சாப்ளின் அதில் கயிற்றின் மேல் நடக்கிறார், குரங்குகள் மேலே ஏறிக் கடிக்கின்றன. திரையரங்கில் ஒரே சிரிப்பு.

மூன்றாவது மனைவி நடிகை பாலெட் காடர்டு. இருவரும் தாலி கட்டியவர்களா, சும்மா சேர்ந்திருப்பவர்களா என்று பல ஆண்டுகள் பத்திரிகைகள் துருவின. 1942-இல் அதுவும் முறிந்தது.

பெரிய அடி அதற்குப் பிறகு. 1943-இல் ஜோன் பேரி என்ற இளம்பெண், தன் வயிற்றில் இருக்கும் பிள்ளைக்கு அப்பா சாப்ளின்தான் என்று வழக்குப் போட்டார். அதே மாதத்தில் 54 வயது சாப்ளின், நாடகாசிரியர் யூஜின் ஓநீலின் 18 வயது மகள் ஊனாவை மணந்தார். கிசுகிசுப் பத்திகளுக்கு வேறென்ன வேண்டும்? ஹெட்டா ஹாப்பர் என்ற பத்தி எழுத்தாளர் விடாமல் எழுதினார். குழந்தை பிறந்த பின் ரத்தப் பரிசோதனை நடந்தது. அவர் தகப்பன் அல்ல என்று மருத்துவர்கள் சொன்னார்கள். ஆனால் அன்றைய கலிபோர்னியச் சட்டத்தில் அந்தப் பரிசோதனை முடிந்த முடிவு அல்ல. 1945-இல் ஜூரி அவரையே தகப்பன் என்றது. பிள்ளைக்கு 21 வயதாகும் வரை பணம் கட்டச் சொன்னார்கள். பதினெட்டு ஆண்டுகளுக்கு முன் தெருவில் விற்ற அந்த மனு, ஜூரியில் உட்கார்ந்தவர்களின் நினைவில் இல்லாமலா இருந்திருக்கும்?

பிறகு கம்யூனிஸ்ட் என்ற சந்தேகமும் சேர்ந்துகொண்டது. 1952 செப்டம்பரில் குடும்பத்தோடு லண்டனுக்குக் கப்பலில் போய்க்கொண்டிருந்தபோது, திரும்பி வரும் அனுமதியை அமெரிக்கா ரத்து செய்தது. சுவிட்சர்லாந்தில் குடியேறினார். ஊனாவோடு மட்டும் வாழ்க்கை நிலைத்தது, எட்டுப் பிள்ளைகள். 1972-இல் ஒரு சிறப்பு ஆஸ்கார் விருதுக்காக அமெரிக்கா அவரைக் கூப்பிட்டது. அரங்கமே எழுந்து நின்று நெடுநேரம் கைதட்டியது. 1977 கிறிஸ்துமஸ் அன்று இறந்தார்.

1964-இல் வெளிவந்த தன்வரலாற்றில், லீட்டாவின் பெயரைக்கூட அவர் எழுதவில்லை. பிள்ளைகளுக்காக என்று சில வரிகளில் தாண்டிப் போனார். லீட்டா மேடைகளில் பாடினார், குடிக்கு அடிமையாகி மீண்டார், வயதான காலத்தில் ஒரு பெரிய கடையில் வேலை பார்த்தார். 1966-இல் அவர் பெயரில் ஒரு புத்தகம் வந்தது. பரபரப்புக்காக எழுதப்பட்டது என்று அவருக்கே அதில் திருப்தி இல்லை. தன் பங்கைத் தானே சொல்ல இன்னொரு புத்தகத்தில் உட்கார்ந்தார். 1995-இல் அவர் இறந்து மூன்று ஆண்டுகள் கழித்துத்தான் அது அச்சில் வந்தது.