மருத்துவரும் தாயுமான புனித ஜியான்னா

காலையில் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, அலுவலகத்திற்கும் மருத்துவமனைக்கும் பணிக்கு விரையும் தாய்மார் நம் பங்கில் பலர் உள்ளனர். வீட்டையும் வேலையையும் ஒருசேரச் சுமக்கும் அவர்களுக்குத் துணையாக, புனித ஜியான்னா பெரெத்தா மோல்லாவை இந்த யூபிலி மலரில் நினைவுகூர்கிறோம்.

இவர் இத்தாலி நாட்டில், மிலான் நகரை அடுத்த மஜென்தா என்னும் ஊரில் 1922 அக்டோபர் 4 ஆம் நாள், பதின்மூன்று மக்களுள் பத்தாவதாகப் பிறந்தார். 1942 ஆம் ஆண்டில் தாயும் தந்தையும் சில மாத இடைவெளியில் இறைவனடி சேர்ந்தனர். மனந்தளராது மருத்துவம் பயின்று, 1949 இல் பாவியா பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றார். மறு ஆண்டே மெசேரோ என்னும் சிற்றூரில் வைத்தியசாலை திறந்தார். 1952 இல் குழந்தை மருத்துவத்தில் சிறப்புத் தேர்ச்சியும் அடைந்தார். தாய்மார், குழந்தைகள், முதியோர், ஏழைகள் ஆகியோரே அவரது தனிக் கவனத்திற்கு உரியவர்கள். வின்சென்ட் தே பவுல் சபையிலும் தொண்டாற்றினார்.

கப்புச்சின் குருவும் மருத்துவருமான அண்ணன் பிரேசில் நாட்டில் மறைப்பணி ஆற்றினார். அவருக்குத் துணையாகச் செல்ல ஜியான்னா விரும்பினார், உடல்நலம் இடந்தரவில்லை. இல்லறமே தம் அழைத்தல் எனத் தெளிந்து, 1955 செப்டம்பர் 24 ஆம் நாள் பொறியாளர் பியெத்ரோ மோல்லாவைக் கரம்பிடித்தார்.

தீப்பெட்டித் தொழிற்சாலை ஒன்றில் கணவருக்கு வேலை. 1956 முதல் 1959 க்குள் ஒரு மகனும் இரு மகள்களும் பிறந்தனர். ஆயினும் ஜியான்னா மருத்துவப் பணியை விடவில்லை. மெசேரோ வைத்தியசாலையோடு, தாம் குடியிருந்த போந்தே நுவோவோவில் தாய்சேய் நல நிலையத்தையும் குழந்தைகள் காப்பகத்தையும் கவனித்தார். கணவர் வெளிநாடு செல்லும் நாட்களில் பிள்ளைகளின் செய்திகளைக் கடிதத்தில் எழுதுவார். திருப்பலியும் செபமாலையும் அவரது நாளில் இடம்பெற்றன; பியானோ இசையும் பனிமலைச் சறுக்கு விளையாட்டும் அவருக்குப் பிடித்தமானவை.

1961 இல் நான்காம் முறை கருவுற்றபோது கருப்பையில் கட்டி இருப்பது தெரிந்தது. அதன் ஆபத்தை ஒரு மருத்துவராகவே அறிந்திருந்தும், குழந்தையைக் காக்கும்படி வேண்டினார். செப்டம்பர் 6 ஆம் நாள் மோன்ஸா மருத்துவமனையில் கட்டி மட்டும் அகற்றப்பட்டது. பின்னரும் நோயாளிகளைப் பார்த்துவந்தார். 1962 ஏப்ரல் 21, பெரிய சனியன்று, அறுவைச் சிகிச்சை வழியாகப் பெண் குழந்தை நலமே பிறந்தது. தாய்க்கோ வயிற்றுறையில் கிருமி தொற்றியது. ஒரு வாரம் வேதனையுற்று, ஏப்ரல் 28 ஆம் நாள், 39 ஆம் வயதில் தம் இல்லத்தில் உயிர்நீத்தார்.

பாப்பரசர் இரண்டாம் அருள் சின்னப்பர் 2004 மே 16 இல் அவரைப் புனிதையாக உயர்த்தியபோது, முதிய கணவரும் பிள்ளைகளும் உடனிருந்தனர். அன்று உயிர் பிழைத்த மகளும் மருத்துவரானார்.

நாம் பெரும்பாலும் அந்த இறுதி வாரத்தையே பேசுகிறோம். அதற்கு முன் பன்னிரண்டு ஆண்டுகள், நோயாளியின் குழந்தையையும் தம் குழந்தையையும் ஒரே அன்பால் பேணினாரே, அதனையும் நினைப்போம். வேலைக்குச் செல்லும் தாயின் தியாகத்தைப் புகழ்ந்துவிட்டு எல்லாச் சுமையையும் அவர் தலையிலேயே ஏற்றுவது எளிது. அது நமக்குத் தகாது. கணவரும் பிள்ளைகளும் அதில் தோள்கொடுப்பதே இப்புனிதைக்கு நம் இல்லங்கள் செய்யும் உண்மையான வணக்கம். ஏப்ரல் 28 அவரது திருநாள். அன்று நம் பங்கின் தாய்மாருக்காக அவரது மன்றாட்டை நாடுவோம்.