பயிற்சிக் கப்பல் தந்த தளபதி



எங்கள் மாரியூர்ப் பக்கம் கடல் தெரியாத ஆளே கிடையாது. உப்பளத்துக்குப் போனாலும் சரி, மீன்பிடிக்கப் போனாலும் சரி, காற்றையும் நீரோட்டத்தையும் பார்த்துத்தான் பிழைப்பு. ஆனாலும் கப்பலில் அதிகாரியாகலாம் என்று நினைக்கிறவர்கள் குறைவு. அதெல்லாம் பெரிய இடத்துப் பிள்ளைகளுக்கு என்று ஒரு நினைப்பு. அந்த நினைப்பு இருப்பதால்தான் வைஸ் அட்மிரல் ராம்தாஸ் கட்டாரியைப் பற்றி எழுத வந்தேன்.

1911 அக்டோபர் 8-ல் செங்கல்பட்டில் பிறந்தவர் அவர். அந்தக் காலத்தில் இந்தியர்கள் கப்பலில் கரி அள்ளலாம், கயிறு இழுக்கலாம். அதிகாரி ஆவது குதிரைக் கொம்பு. அதற்கான பயிற்சிப் பள்ளியே இங்கு இல்லை. வ.உ.சி. தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கியது 1906-ல். அதற்கு 21 வருஷம் கழித்து, 1927-ல்தான் பம்பாய்த் துறைமுகத்தில் டஃபரின் என்ற பழைய கப்பலை நிறுத்தி, இந்திய இளைஞர்களுக்கு வணிகக் கப்பல் அதிகாரிப் பயிற்சி கொடுக்க ஆரம்பித்தார்கள். முதல் அணியிலேயே சேர்ந்தார் கட்டாரி. வயது பதினாறு. படிப்பு மூன்று வருஷம். நம்ம டிப்ளமோ மாதிரிதான்னு வச்சுக்கோங்களேன்!

1939-ல் இரண்டாம் உலகப்போர் வந்தது. வணிகக் கப்பலுக்குப் பயிற்சி பெற்றவர் கடற்படையின் ரிசர்வ் பிரிவில் சேர்ந்தார். நீர்மூழ்கி எதிர்ப்பில் தனித் தேர்ச்சி பெற்றார். அது சாதாரண வேலை இல்லை. கப்பலிலிருந்து ஒலியை நீருக்குள் அனுப்புவார்கள். நீர்மூழ்கியில் பட்டு எதிரொலி திரும்பும். கடல்நீரில் ஒலி விநாடிக்குச் சுமார் 1,500 மீட்டர் போகும். எதிரொலி 2 விநாடியில் வந்தால் எதிரி 1,500 மீட்டர் தூரத்தில் இருக்கிறான். கணக்குத் தப்பினால் கப்பலே போச்சு!

சுதந்திரம் வந்த பிறகும் கடற்படைக்கு வெள்ளைக்கார அதிகாரிகளே தலைமை வகித்தார்கள். தரைப்படைக்கு 1949-லேயே கரியப்பா வந்துவிட்டார்; விமானப்படைக்கு 1954-ல் முகர்ஜி வந்தார். கடற்படை மட்டும் காத்திருந்தது. கப்பல்களையும் அணிகளையும் நடத்திப் பழகிய மூத்த இந்திய அதிகாரிகள் உருவாக வருஷங்கள் ஆயின. 1956-ல் கட்டாரி கப்பல் அணியின் முதல் இந்தியத் தலைவரானார். 1958 ஏப்ரல் 22-ல் முதல் இந்தியக் கடற்படைத் தளபதியானார். அவர் காலத்தில்தான் 1961-ல் விமானந்தாங்கிக் கப்பல் விக்ராந்த் நம் கடற்படைக்கு வந்தது. அதே வருஷம் டிசம்பரில் கோவா விடுதலையும் நடந்தது.

1962 ஜூனில் ஓய்வு பெற்றபோது வயது ஐம்பதுதான். பெரிய பதவி பார்த்தாச்சு, இனி வீட்டில் உட்காரலாம் என்று இருக்கவில்லை. ஆந்திரப் பிரதேச அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் தலைவரானார். போர்க்கப்பல் நடத்தியவர் பஸ் நடத்த வந்தார்! ஜனங்கள் நேரத்துக்கு ஊர் போய்ச் சேரும் வேலையை அவர் சின்ன வேலையாக நினைக்கவில்லை.

1964-ல் பர்மாவுக்கு இந்தியத் தூதராகப் போனார். அதே வருஷம்தான் அங்கே கடைகள் தேசியமயமாகி, இந்தியர்கள் கூட்டம் கூட்டமாகக் கப்பலேறித் தாய்நாடு திரும்பினார்கள். அதில் நம் ராமநாதபுரம் சீமைக் குடும்பங்களும் உண்டு. அந்தக் கஷ்டமான வருஷங்களில் ரங்கூனில் நம் நாட்டின் பிரதிநிதியாக இருந்தவர் இவரே. 1983 ஜனவரி 21-ல் காலமானார்.

நண்பர்களே, டஃபரினில் கட்டாரி சேர்ந்தபோது கடற்படைத் தளபதி நாற்காலி எந்த இந்தியனுக்கும் கிடையாது. அது கிடைக்க 31 வருஷம் ஆனது. கதவு திறந்தபோது உள்ளே போகத் தகுதியோடு ஒருவர் தயாராக நின்றார், அவ்வளவுதான். வாய்ப்பு வரட்டும், அப்புறம் கற்றுக்கொள்ளலாம் என்று நாம் இருந்தால், கதவு திறக்கிறபோது வேறு யாராவது உள்ளே போய்விடுவார்கள். கடலோரத்துப் பிள்ளைகளுக்கு நான் சொல்ல வந்தது இதுதான்.