மூன்று தலைவர்களும் முப்பது எஞ்சினும்

செர்கேய் கொரோலியோவ் 1907-ல் உக்ரைனின் ஷிதோமிர் நகரில் பிறந்தவர். 1957-ல் ஸ்புட்னிக் பறந்ததும், 1961-ல் ககாரின் விண்வெளிக்குப் போய் வந்ததும் இவருடைய ராக்கெட்டில்தான். ஆனாலும் உயிரோடு இருந்தவரை இவர் பெயரைப் பத்திரிகையில் போட அரசாங்கம் விடவில்லை. 'தலைமை வடிவமைப்பாளர்', அவ்வளவுதான்! 1938-ல் பொய்க் குற்றச்சாட்டில் கைதாகி, கொலிமா தங்கச் சுரங்கத்தில் வதைபட்டு, 1944-ல்தான் விடுதலையானார். இதெல்லாம் பலரும் அறிந்ததே. பொறியியல் படித்த நாம் பார்க்க வேண்டியது அவருடைய சந்திரன் ராக்கெட்டின் கதை.

1961-ல் கென்னடி இலக்கையும் கெடுவையும் அறிவித்துவிட்டார். வேலை முழுக்க நாசாவின் பொறுப்பு. மாஸ்கோவில் நடந்ததோ வேறு. கொரோலியோவ் என்-1 ராக்கெட்டை 75 டன் தூக்குவதற்கென்று வரைந்துகொண்டிருந்தார். எதற்காக? ராணுவத்துக்கா, விண்வெளி நிலையத்துக்கா, செவ்வாய்க்கா? யாரும் தீர்மானமாகச் சொல்லவில்லை. சந்திரனில் ஆளை இறக்க வேண்டும் என்ற உத்தரவு 1964 ஆகஸ்டில்தான் வந்தது. அதற்கு 75 டன் போதாது, 95 ஆக்கு என்றானது. முதல் கட்டத்தின் 24 எஞ்சின் 30 ஆனது. பாதி வேலையில் ஸ்பெசிஃபிகேஷன் மாறினால் என்ன பாடு என்று சைட்டில் ஆறு மாதம் நின்றவனுக்கே தெரியும்.

அதே உத்தரவில் இன்னொரு கூத்து. சந்திரனில் இறங்குவது கொரோலியோவ் பொறுப்பு, சந்திரனைச் சுற்றி வருவது செலமேய் பொறுப்பு. ஒரே நிலாவுக்கு இரண்டு ராக்கெட், இரண்டு கப்பல்!

மூன்றாமவர் குளுஷ்கோ. எஞ்சின் கட்டுவதில் சோவியத்தில் அவருக்கு நிகரில்லை. அவர் நச்சு எரிபொருள்தான் வேண்டும் என்றார். மனிதர் ஏறும் ராக்கெட்டில் விஷமா, மண்ணெண்ணெயும் திரவ ஆக்சிஜனும் போதும் என்றார் கொரோலியோவ். இருவருக்கும் கைதான காலத்துக் கசப்பும் உண்டு என்பார்கள். உட்காரவைத்துப் பேசி முடிக்க மேலே ஆளில்லை. விளைவு, கொரோலியோவ் விமான எஞ்சின் செய்யும் குஸ்நெத்சோவிடம் போனார். அவரால் சிறிய எஞ்சின்தான் தர முடிந்தது, அதனால்தான் முப்பது. முப்பதையும் ஒன்றாகக் கட்டித் தரையில் ஓட்டிப்பார்க்க டெஸ்ட் ஸ்டாண்ட் கட்டவே இல்லை. ஏவுவதுதான் டெஸ்ட்!

1966 ஜனவரி 14-ல் அறுவை சிகிச்சையின்போது கொரோலியோவ் இறந்தார். வயது 59. அவர் இடத்துக்கு வந்த மீஷின், 1969 முதல் 1972 வரை நான்கு முறை என்-1-ஐ ஏவினார். நான்கும் தோல்வி. இரண்டாவது, ஆம்ஸ்ட்ராங் இறங்குவதற்குப் பதினேழு நாள் முன்னால், ஏவுதளத்தின் மேலேயே விழுந்து வெடித்தது.

1974-ல் மீஷினை நீக்கி, மொத்தப் பொறுப்பையும் யாரிடம் கொடுத்தார்கள் தெரியுமா? குளுஷ்கோவிடம். வந்ததும் என்-1-ஐ நிறுத்தினார். எஞ்சின்களை அழிக்கச் சொல்லி உத்தரவு வந்தும் குஸ்நெத்சோவ் அழிக்காமல் கிடங்கில் வைத்திருந்தார். 1990-களில் அமெரிக்கக் கம்பெனி ஒன்று அவற்றை வாங்கிப்போனது. 2013-ல் அமெரிக்காவின் ஆன்டாரெஸ் ராக்கெட் முதன்முதலாக மேலே போனது அவற்றில் இரண்டை வைத்துத்தான்.